எஃப்பிஎஸ் ஏத்துறேன்னு ஏன்யா இப்படிப் பண்றீங்க?

மக்களே, ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரலை. வழக்கமா 'ஆணி அதிகம்'னு சொல்லித் தப்பிச்சுடுவேன். இந்தத் தடவை ஆணி இல்லை. அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன்.

அக்கா வீடும் சங்கரன்கோவில்தான். வீட்டோட விசைத்தறி. கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்ட், 4 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பகல்ல அத்தான் அதுல கூலிக் கணக்கு, நூல் வரவு, போன சேலை எல்லாம் எழுதுவார். ராத்திரி மருமகன் ஜிடிஏ 5 ஆடுவான். 2015-ல பிசிக்கு வந்த ஆட்டம். குறைஞ்சபட்சத் தேவைன்னு அவங்க போட்டதே 4 ஜிபி ராமும் 1 ஜிபி கார்டும். இந்தப் பெட்டியில அது ஓடலை, நொண்டுச்சு.

பய தேடியிருக்கான். தமிழ்லயே ஒரு பக்கம் மாட்டியிருக்கு. 'இந்த ஜிப்பை இறக்குங்க, கான்ஃபிக் ஃபைல் எல்லாத்தையும் ரீப்ளேஸ் குடுங்க, ஆன்டிவைரஸ் கத்தும், அணைச்சுடுங்க, லேக் நூறு சதவீதம் போயிடும்.' அணைச்சுட்டான்.

மறுநாள் காலையில அத்தான் கணக்கைத் திறக்கப் போனா, ஒவ்வொரு ஃபைல் பேருக்குப் பின்னாடியும் வாயில நுழையாத ஒரு வால். ஒண்ணும் திறக்கலை. பணம் கட்டுன்னு மிரட்டி ஒரு நோட்பேட் ஃபைல் மட்டும் திறந்துச்சு. மூணு வருஷக் கணக்கு, காப்பி கிடையாது. யாருக்கு எவ்வளவு முன்பணம் குடுத்திருக்குங்கிறதும் அதுலதான். இப்ப அத்தான் ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டு நோட்டுல எழுதிட்டிருக்கார். அவங்க சொல்றதுதான் தொகை. "செட்டிங்ஸ் ஃபைல்தானேன்னு நினைச்சேன் மாமா"ன்னு அழுதுட்டு நிக்கிறான் இவன்.

வைரஸ் எழுதுனவன் திருடன், அவன்கிட்ட என்னத்தைப் பேச? என் கடுப்பு அந்தப் பக்கத்தை எழுதுன நம்மாளு மேலதான். அவர் கெட்டவரா இருக்க மாட்டார். எங்கேயோ இங்கிலீஷ்ல இருந்ததைப் பார்த்து, லிங்க்கோட தமிழ்ப்படுத்திப் போட்டிருப்பார். தன் மெஷின்ல ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தா இப்படி எழுதியிருக்கவே மாட்டார்.

கான்ஃபிக் ஃபைலுக்கு எதுக்குய்யா ஜிப்பு? அது வெறும் எழுத்து. 1996-ல வந்த குவேக் ஆட்டத்துலயே ஆட்டோஎக்ஸெக்னு ஒரு ஃபைலை நாமளே நோட்பேட்ல எழுதி வச்சா, ஆட்டம் ஆரம்பிக்கும்போது படிச்சுக்கும். ஜிடிஏ 5-க்கு டாகுமென்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள செட்டிங்ஸ்னு ஒரு எக்ஸ்எம்எல். நோட்பேட்ல திறந்தா ஷேடோகுவாலிட்டி, கிராஸ்குவாலிட்டின்னு பேரும் பக்கத்துல ஒரு எண்ணும் இருக்கும். மாத்துறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வைங்க. சொதப்பிட்டா ஃபைலை அழிச்சுடலாம், ஆட்டமே புதுசா ஒண்ணு எழுதிக்கும். இதுல ஆன்டிவைரஸ் எங்கய்யா குறுக்க வருது?

ஜிப் இல்லாத பதிவுகள் மட்டும் என்ன வாழுதாம்? எம்எஸ்கான்ஃபிக்ல பூட் பக்கம் போயி 'பிராசஸர் எண்ணிக்கையை நாலு வைங்க, வேகம் கூடும்'னு இன்னும் எழுதுறாங்க. விண்டோஸ் எப்பவுமே எல்லா கோரையும்தான் பயன்படுத்துது. அந்த இடம் சோதனைக்காக எண்ணிக்கையைக் குறைக்கிறதுக்கு வச்சது. பிரீஃபெட்ச் ஃபோல்டரை அழிக்கச் சொல்றது இன்னொண்ணு. அழிச்சா அடுத்த தடவை புரோகிராம் திறக்க இன்னும் நேரமாகும். ஸ்கைரிம் (2011) ஆட்டத்துல ஐபிரசென்ட்இன்டர்வல் வரியை 0 ஆக்கச் சொல்லுவாங்க. ஆக்கினா 60 ஃபிரேம் தடை நீங்கும், வாஸ்தவம்தான். ஆனா அந்த ஆட்டத்துல பொருள் நகர்ற கணக்கே ஃபிரேமோட கட்டியிருக்கு. ஆரம்பத்துலயே கைதிங்க வர்ற குதிரை வண்டி ஆகாசத்துல குட்டிக்கரணம் போடும் :-)

அத்தான் தறியில நூல் அறுந்துக்கிட்டே இருந்தா எல்லாத் திருகையும் ஒரே நேரத்துல முறுக்க மாட்டார். ஒண்ணைத் தொட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்துட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். எங்களுக்கும் அதே வேலைதான். புதுசா விண்டோஸ் போட்டு (கணக்கு போனது போனதுதான்) நானும் மருமகனும் உக்காந்தோம். ஆட்டத்துக்குள்ளயே பெஞ்ச்மார்க் இருக்கு, ஒவ்வொரு மாத்தத்துக்கும் அதை ஓட்டினோம்.

முதல்ல ரெசல்யூஷன். 1366-க்கு 768-னா பத்தரை லட்சம் புள்ளிக்குக் கிட்ட வரும். 800-க்கு 600-னா நாலு லட்சத்து எண்பதாயிரம், பாதிக்கும் கீழ. குறைச்சும் வேகம் ஏறலைன்னா கிராபிக்ஸ் மேல பழி போடக் கூடாது, சிக்கல் பிராசஸர்ல. இங்க கொஞ்சம் ஏறுச்சு, கூட்டமான தெருவுல திரும்ப நொண்டுச்சு. அப்பத்தான் சிட்டிடென்சிட்டி வரியைக் குறைச்சோம். அது ஜனத்தையும் வண்டியையும் குறைக்கும், பிராசஸருக்கு மூச்சு வரும். டெக்ஸ்சரையும் கீழ இறக்கினோம். தனி கார்டு இல்லாத பெட்டியில படத்துக்கான மெமரியும் அதே 4 ஜிபியிலிருந்துதானே போகுது. நிழலுக்கு மெனுவுல கடைசியா இருக்கிறது 'நார்மல்'. ஃபைல்ல அதுக்கும் ஒரு படி கீழ போகலாம். போனோம். ஊரே உச்சி வெயில்ல நிக்கிற மாதிரி ஆயிடுச்சு, சித்திரை மாசத்துச் சங்கரன்கோவில் கணக்கா. ஆனா ஆட முடியுது.

'கார்டு வாங்க முடியாத பசங்களுக்கு உதவத்தானே எழுதுறோம்'னு சண்டைக்கு வருவீங்க. நானும் அந்தப் பசங்களுக்காகத்தான் கேக்குறேன். இங்கிலீஷ்ல பத்துப் பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிஞ்சவன் எப்படியும் தப்பிச்சுப்பான். தமிழ்ல தேடி வர்றவனுக்கு நம்ம பக்கம் ஒண்ணுதான் கிடைக்குது, அதை அப்படியே நம்புறான். வரியைப் போடுங்க, அது என்ன பண்ணும்னு போடுங்க, எந்த மெஷின்ல ஓட்டிப் பார்த்தீங்கன்னு போடுங்க. அப்படி எழுதினா ஹிட்ஸ் குறையும்தான், குறைஞ்சுட்டுப் போகட்டுமே. பழைய பதிவுல ஜிப் லிங்க் வச்சிருக்கிற அண்ணாச்சிகள் இன்னைக்கு ராத்திரியே எடுத்துருங்க.

டிஸ்கி: ஜிடிஏ 5 செட்டிங்ஸ் ஃபைலை வரி வரியா அடுத்த பதிவுல எழுதுறேன். மருமகன்தான் குறிப்பெடுக்கிறான், அத்தானோட கணக்கு நோட்டுக் கடைசிப் பக்கத்துல. 'ஃபைலை ஜிப்பா அனுப்புங்க தல'ன்னு பின்னூட்டம் போடுறவங்க, தயவு செஞ்சு எங்க அக்கா கண்ணுல பட்டுறாதீங்க.