தவறிய கைக்கு என்ன மருந்து?

கோலார் தங்கவயலில் தங்கம் எடுத்த காலத்தில், சுரங்கத்துக்குள் புதிதாக இறங்குகிறவர் முதலில் பழகிக்கொண்டது மணிச்சத்தத்தை. கூண்டில் சரக்கு ஏறினால் ஒரு கணக்கு, ஆள் ஏறினால் வேறு கணக்கு. ஆள் ஏறப்போவதாகக் கீழேயிருந்து மணி அடித்தால் மேலேயிருந்து எதிர்மணி வரவேண்டும். அது வராமல் யாரும் கூண்டில் கால் வைக்கக்கூடாது. சாம்பியன் ரீஃபில் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ‘அப்படித்தான் காதில் விழுந்தது’ என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை.

2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. கம்பெனியின் பெரிய ஆஸ்பத்திரியும் அதோடு போயிற்று. (2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஊர்க்காரர்கள் தூசி தட்டித் திறந்தார்கள்.) அதன்பின் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயில்தான் இந்த ஊரின் பிழைப்பு. அதில் போகிறவர்களில் சுரங்கத் தொழிலாளர்களின் பேத்திகளும் உண்டு. கையில் நர்ஸிங் சான்றிதழ், பையில் வெள்ளைச் சீருடை, போகவர நாளுக்கு நாலைந்து மணி நேரப் பயணம்.

படிப்பு முடித்த முதல் சில மாதங்கள்தான் கண்டம். கல்லூரியில் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் பாடமாக ஒப்பித்தாகிவிட்டது. வார்டிலோ இரவு 2 மணிக்கு ஒரு படுக்கையில் மூச்சுத் திணறல், இன்னொன்றில் டிரிப் நின்றுபோயிருக்கிறது, டெலிபோனில் டூட்டி டாக்டர் பாதித் தூக்கத்தில் ஏதோ அளவு சொல்கிறார். இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்கு பயிற்சி மருத்துவமனைகளில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் 5 படுக்கைக்கு ஒருவர். இரவு ஷிஃப்டில் இந்தக் கணக்கைக் காட்டினால் எந்த நர்ஸும் சிரிப்பார்.

தவறுகள் பெரும்பாலும் அறியாமையால் வருவதில்லை. ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள். ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே எழுத்தில் லேபிள் ஒட்டிய இரண்டு ஆம்பூல்கள். பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கு அது தண்ணீர் மாதிரிதான் இருக்கும். வார்டு அலமாரியிலேயே அதை வைக்காதீர்கள் என்று நிபுணர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருவது இதனால்தான். நர்ஸின் ஞாபகசக்தியை நம்புவதைவிட அலமாரியை மாற்றுவது சுலபம்.

தவறு நடந்தபிறகு என்ன நடக்கிறது? எல்லோர் முன்னாலும் திட்டு, மெமோ, சில இடங்களில் சம்பளப் பிடித்தம். அந்தப் பெண் அன்றிரவு தூங்குவதில்லை. அடுத்த முறை சிரிஞ்சை எடுக்கும்போது கை நடுங்குகிறது, நடுங்கும் கை இன்னொரு தவறுக்குத் தயாராகிறது. அமெரிக்க டாக்டர் ஆல்பர்ட் வூ 2000-ம் ஆண்டு இப்படிப்பட்டவர்களை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று குறிப்பிட்டார். முதலாமவர், நோயாளி. மருத்துவத் தவறுகளில் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் சிலருக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. அதைக் கைவிடும்படி 2019-ல் வெளிப்படையாகக் கேட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் பெயரை மாற்றுவதால் அந்தத் தூங்காத இரவு மாறிவிடாது. சியாட்டில் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் நீண்டகால அனுபவமுள்ள கிம்பர்லி ஹியாட் என்ற நர்ஸ், 2010-ல் ஒரு குழந்தைக்குக் கால்சியம் குளோரைடைப் பத்து மடங்கு கூடுதலாகக் கொடுத்துவிட்டார். தானே உடனே சொன்னார். வேலை போயிற்று. 2011 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

உலகெங்கும் நர்ஸ்களை உலுக்கியது அதற்குப்பின் வந்த இன்னொரு வழக்கு. 2017 டிசம்பரில் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் மருத்துவமனையில் ராடோண்டா வாட் என்ற நர்ஸ், மயக்கம் தரும் மருந்துக்குப் பதிலாக, மூச்சுத் தசைகளை முடக்கும் வெகுரோனியத்தைச் செலுத்தினார். 75 வயதுப் பெண் இறந்தார். வாட் எதையும் மறைக்கவில்லை. மருத்துவமனை அரசின் கண்காணிப்பாளர்களுக்குத் தகவல் தராமல் இருந்தது. 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டது நர்ஸ் மட்டுமே. மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனை. உண்மையைச் சொன்னால் கோர்ட்டு, சொல்லாமல் விட்டால் தப்பிக்கலாம் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்தியது போலாயிற்று. அதன் எதிரொலியாக 2024-ல் கென்டக்கி மாநிலம் மருத்துவ ஊழியர்களின் தவறுகளுக்குக் கிரிமினல் வழக்கிலிருந்து பாதுகாப்பளித்துச் சட்டம் இயற்றியது.

இந்தியாவில் காற்று வேறு திசையில் வீசுகிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பழைய 304-ஏ பிரிவில் யாராக இருந்தாலும் அதிகபட்சம் 2 ஆண்டு. மருத்துவத் தொழில் செய்வோர்மீது கிரிமினல் வழக்குப் போடுவதற்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, பெரும் அலட்சியம் இருக்கவேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு தண்டனையை 5 ஆண்டாக உயர்த்தி, ‘பதிவு பெற்ற மருத்துவர்’களுக்கு மட்டும் 2 ஆண்டு என்று சலுகை தந்தது. அந்தச் சொல்லுக்குச் சட்டமே தரும் விளக்கம்: மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். நர்ஸின் பெயர் இருப்பது நர்ஸிங் கவுன்சிலின் பதிவேட்டில். சட்டத்தின் வாசகத்தை அப்படியே படித்தால், ஒரே படுக்கையருகே நடந்த ஒரே தவறுக்கு ஊசியை எழுதிக் கொடுத்தவருக்கு இரண்டு, போட்டவருக்கு ஐந்து. பார்லிமெண்டில் யாரும் நர்ஸைப் பற்றி நினைக்கவில்லை போலும்.

பழைய சுரங்கச் சட்டம் இதைவிட விவேகமானதாக இருந்தது. 1952-ன் சட்டத்தில் 23-வது பிரிவு, ஆள் செத்தால்தான் அறிவிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. கயிறு அறுந்தாலே, கூண்டு எல்லை தாண்டி மேலேறினாலே, ஒருவருக்கும் கீறல் படாவிட்டாலும், மேனேஜர் அரசுக்கு எழுதியாக வேண்டியிருந்தது. அதன் நகல் தொழிற்சங்கத்தார் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் 14 நாள் தொங்கவேண்டியிருந்தது. மயிரிழையில் தப்பியதும் ஒரு விபத்துதான் என்று அந்தச் சட்டம் கருதியது. தவறான ஊசி நோயாளியின் கைவரை போய்க் கடைசி நொடியில் நின்றுவிட்டால், நம் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அது கடவுள் செயல். எங்கும் எழுதப்படுவதில்லை. தரச்சான்று பெற்ற மருத்துவமனைகளில் சம்பவப் படிவம் கட்டாயம். ஆனால் படிவத்தை நிரப்பியவருக்கே மெமோ வருமானால் அடுத்த முறை யார் நிரப்புவார்?

புதிய நர்ஸ் தன்னளவில் செய்யக்கூடியது குறைவு, ஆனாலும் இருக்கிறது. முதலில் நோயாளி: டிரிப்பை நிறுத்து, நாடியைப் பார், ரத்த அழுத்தத்தைப் பார். அழுவது அப்புறம். அடுத்து டாக்டருக்கும் மூத்த சிஸ்டருக்கும் உடனே சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டில் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னது என்பதை மட்டும் எழுத வேண்டும். மன்னிப்போ, இன்னொருவர்மீது பழியோ அதில் வேண்டாம். வைட்னர் தடவுவதும் நேரத்தைத் திருத்துவதும் கூடவே கூடாது. தவறை மன்னிக்கக்கூடிய விசாரணைக் குழுவும் திருத்தலை மன்னிக்காது. டெலிபோனில் வரும் ஆர்டரை எழுதி, உரக்கத் திருப்பிப் படித்து, ‘சரிதானா டாக்டர்?’ என்று கேட்க வேண்டும். எரிந்து விழுந்தால் விழட்டும், எதிர்மணி வராமல் கூண்டு நகரக்கூடாது.

மூத்த சிஸ்டர் செய்யக்கூடியது இன்னும் அதிகம். திட்டுவதாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு திட்டலாம். மறுநாள் அந்தப் பெண் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நிற்பாள். அதை வாங்கி மேஜைக்குள் வைத்துவிட்டு, அன்றைய மருந்து டிராலியை அவளிடமே கொடுத்து, முதல் நாலு படுக்கைவரை பேசாமல் கூட நடந்தால் போதும்.