கேள்வி நேரம்: வெறிநோய் ஊசி போட்டால் இருமல் நோய் வராதா?

கேள்வி: ஆட்டுக்கிடைக் காவலுக்கு வளர்க்கும் கன்னி நாய் ஐந்து குட்டிகள் போட்டது. இரண்டு மாதம் ஆகிறது. கண்ணில் பீளை, மூக்கில் சளி, இருமல் என்று இரண்டு குட்டிகள் இறந்துவிட்டன. தாய்க்கு வெறிநோய் ஊசி போட்டிருக்கிறோம். மீதிக் குட்டிகளைக் காப்பாற்ற முடியுமா? ஆடுகளுக்கும் ஒட்டுமா?
- வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: வெறிநோய் ஊசி வெறிநோயை மட்டுமே தடுக்கும். இருமல், சளியுடன் பரவும் நோய்களுக்குத் தனி ஊசி உண்டு.

நாய்களுக்குக் காற்று வழியாகப் பரவும் இருமல் நோய்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, கென்னல் இருமல். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல நாய் வறட்டு இருமல் இருமும். வளர்ந்த நாய்க்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் சரியாகிவிடும். குட்டிகளுக்கு நிமோனியாவாக மாறலாம். மற்றொன்று, டிஸ்டெம்பர். காய்ச்சல், பீளை, கெட்டிச் சளி, இருமல், கழிச்சல் வரும். பிறகு வலிப்பும் வரலாம். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றே வழி. கேள்வியில் உள்ள அறிகுறிகள் டிஸ்டெம்பராக இருக்கலாம் என்பதால், கால்நடை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

மீதிக் குட்டிகளுக்கு இப்போதே ஊசி போடலாமா என்பதை மருத்துவர் பரிசோதித்துச் சொல்வார். நோய் ஏற்கெனவே உடலில் புகுந்திருந்தால் ஊசி அதைக் குணமாக்காது. புகாத குட்டியைக் காப்பாற்றும்.

ஒரே ஊசி போதாது என்பதற்குக் காரணம் சீம்பால். சீம்பாலில் கிடைத்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அந்தச் சக்தி எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். எனவே 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் முடியும்வரை போட வேண்டும். ஓராண்டு கழித்து மறு ஊசி. டிஸ்டெம்பர், பார்வோ உள்ளிட்ட பல நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி என்று கேட்டால் தருவார்கள். வெறிநோய் ஊசியை மூன்று மாத வயதில் தனியாகப் போட வேண்டும்.

கென்னல் இருமலுக்கு மூக்கில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. பல நாய்கள் கூடும் இடத்துக்குக் கொண்டுபோகும் நாய்களுக்கு அது பயன்படும்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தால்தான் பலன் தரும். கடையில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் வந்தால் பணம் வீண். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும்.

செய்ய வேண்டியவை:

• இருமும் குட்டியைத் தனியே கட்ட வேண்டும். தட்டு, தண்ணீர்ப் பாத்திரமும் தனி.

• நல்ல குட்டிகளைக் கவனித்த பிறகே நோய்க்குட்டியிடம் போக வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

• இறந்த குட்டிகள் படுத்த சாக்கை எரித்துவிட்டு, இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவ வேண்டும்.

• மனிதருக்கான காய்ச்சல், வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. அவை நாயைக் கொல்லக்கூடும்.

நாயின் டிஸ்டெம்பர் ஆடுகளுக்கு நோய் தராது. ஆனால் ஆட்டுக்கொல்லி நோய் வைரஸும், 2011-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய் வைரஸும் இதே இனத்தைச் சேர்ந்தவை. வெக்கை நோயை ஒழித்ததும் தடுப்பூசிதான். எனவே ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி ஊசியைத் தவறாமல் போட வேண்டும்.

தாய் நாய்க்கும் கூட்டுத் தடுப்பூசி தேவை. அதைச் சினையாக இருக்கும்போது போடாமல், இணைசேர்க்கும் முன்பே போட்டு வைத்தால், அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்குச் சீம்பால் வழியாகவே முதல் பாதுகாப்பு கிடைத்துவிடும்.