பளபளக்கிற கட்டில் கம்பி

கால் முறிந்து ஒருவர் ஆஸ்பத்திரியில் படுக்கிறார். கால் கூடி வருகிறது. ஆனால் பத்தாம் நாள் காய்ச்சல்! வரும்போது இல்லாத கிருமி, வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது.

இது எப்போதோ நடக்கிற சங்கதி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கணக்குச் சொன்னது. பணக்கார நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேருகிற 100 பேரில் 7 பேருக்கு இப்படி ஒட்டுகிறது. நடுத்தர, ஏழை நாடுகளில் 15 பேருக்கு!

கிருமி கையில் இருந்து வருகிறது. கைக்கு? கட்டில் கம்பி, கதவுப் பிடி, குளுக்கோஸ் மாட்டுகிற கம்பம், நர்சைக் கூப்பிடுகிற பொத்தான்... ஒரு நாளைக்கு எத்தனை பேர் தொடுகிறார்கள்!

"எவர்சில்வர்தானே, சுத்தமாகத்தான் இருக்கும்" என்று நினைக்கிறோம். அங்கேதான் ஏமாந்து போகிறோம்.

அமெரிக்காவில் ஈரி என்ற நகரத்து ஆஸ்பத்திரியில் பில்லிஸ் குன் என்ற பெண்மணி, கதவுப் பிடிகளைச் சோதித்து 1983-ல் எழுதினார். பளபளத்த எவர்சில்வரில் கிருமி வாரக் கணக்கில் உயிரோடு இருந்தது. பித்தளையில் சில மணி நேரத்தில் செத்தது. காரணம், பித்தளையில் இருக்கிற தாமிரம். அதில் இருந்து கசிகிற நுண்துகள் கிருமியின் மேல்தோலை ஓட்டை போட்டுவிடும். நம் வீட்டு எவர்சில்வர் குடம் பரணில் இருந்த செம்புக் குடத்தைப் பார்த்துச் சிரித்தது. இப்போது யார் சிரிப்பது?

2013-ல் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. 3 அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், அடிக்கடி தொடும் சில பொருள்களை மட்டும் தாமிரக் கலவையில் செய்து வைத்தார்கள். அந்த அறைகளில் தொற்று பாதிக்கு மேல் குறைந்தது. பிறகு வந்த எல்லா ஆய்விலும் இதே அளவு பலன் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தாமிரம் விலை அதிகம். கறுத்துப்போகும். கழற்றிக்கொண்டு போய் எடைக்குப் போடவும் ஆள் இருக்கிறது!

அதனால்தான் விஞ்ஞானிகள் பூச்சு தேடுகிறார்கள். வெள்ளி கலந்தது, தாமிரத் தூள் கலந்தது, ரசாயனம் கலந்தது என்று பலவகை. கொரோனா வந்த 2020-க்குப் பிறகு வியாபாரமும் சூடு பிடித்தது. "ஒரு தடவை தெளித்தால் மாதக் கணக்கில் கிருமி அண்டாது" என்கிறார்கள். 99.9 சதவீதம் என்று சான்றிதழும் நீட்டுகிறார்கள்.

அந்தச் சான்றிதழ் எப்படி வருகிறது தெரியுமா? பரவலாக நடக்கும் ஒரு சோதனையில், புதுப் பூச்சின் மேல் கிருமி நீரை விட்டு, மெல்லிய தாளால் மூடி, 35 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் ஈரம் காயாமல் வைக்கிறார்கள். வார்டில் இப்படியா நடக்கிறது? இருமல் துளி சீக்கிரமே காய்ந்துபோகும். காய்ந்த கிருமியிடம் பூச்சின் வேலை அவ்வளவு சுலபமாகப் பலிக்காது.

அதோடு, கம்பியை நாளைக்கு 3 தடவை பிளீச்சிங் போட்டுத் துடைத்தால் வருஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஆகிறது. பூச்சு மிஞ்சுமா? சுவருக்குப் பெயிண்டு அடிக்கிறவரிடமே எத்தனை மழை தாங்கும் என்று கேட்கிறோமே!

பூச்சு இருக்கிறதே என்று துடைப்பதை நிறுத்தினால் இன்னும் ஆபத்து. மேலே அழுக்குப் படிந்தால் அடியில் இருக்கிற மருந்து கிருமியைத் தொடாது. பூச்சுக்குப் பணம் ஒதுக்கி, துப்புரவு ஊழியர் எண்ணிக்கையைக் குறைத்தால் அது நோயாளிக்குச் செய்கிற துரோகம்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் பூச்சு வாங்குகிற அதிகாரிகள் டெண்டரிலேயே எழுதட்டும்: ஆயிரம் தடவை துடைத்த பிறகு, காய்ந்த கிருமியை வைத்துச் செய்த சோதனை முடிவு வேண்டும். சோதனையை விற்கிற கம்பெனி செய்யக் கூடாது. ஆறு மாதம் கழித்து வார்டிலேயே மறுபடி சோதிக்க வேண்டும். பூச்சு செத்திருந்தால் பணம் வாபஸ்!