எட்டில் மூன்று

மைசூரு தசராவைத் தொடங்கிவைக்க இஸ்லாமியரான ஒரு கன்னட எழுத்தாளருக்குத் தகுதி உண்டா என்று உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதோடு விட்டார்களா? டெல்லிக்குப் போனார்கள். அரசமைப்பின் முகப்புரையை நினைவூட்டி, 19ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் திருப்பி அனுப்பியது. 22ஆம் தேதி சாமுண்டி மலையில் அந்த எழுத்தாளர், பானு முஷ்தாக், மலர் தூவி விழாவைத் தொடங்கிவைத்தார். விவகாரம் முடிந்துவிட்டது என்று பெங்களூருவில் என் நண்பர்கள் ஆறுதல் அடைகிறார்கள். எனக்கு ஆறவில்லை. 2017இல் கவிஞர் நிசார் அகமது இதே தசராவைத் தொடங்கிவைத்தார். எட்டே ஆண்டுகளில் அதே செயல் வழக்காகியிருக்கிறது என்றால், இந்த மாநிலம் எந்தத் திசையில் நடக்கிறது?

கோயில், சம்பிரதாயம் என்று மனுதாரர்கள் என்ன சொன்னாலும், அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: கன்னடம் யாருடையது? அந்தக் கேள்விக்குக் கர்நாடகமே எப்போதோ பதில் எழுதி வைத்திருக்கிறது. மாநிலம் உருவான நாளான நவம்பர் 1 ராஜ்யோத்சவம் வந்தால் பெங்களூருவின் முச்சந்திகளில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே ஒரு பதாகை தொங்கும். ஞானபீட விருது பெற்ற எட்டுக் கன்னடர்களின் முகங்கள் அதில் இருக்கும். குவெம்பு, பேந்த்ரே, காரந்த், மாஸ்தி, கோகாக், அனந்தமூர்த்தி, கார்னாட், கம்பார். 1967 முதல் 2010 வரை எட்டுப் பேர். அந்தப் பதாகையைப் பார்க்கும்போதெல்லாம் நான் எண்ணிப் பார்ப்பேன். 1973இல் விருது பெற்ற பேந்த்ரே வீட்டில் பேசியது மராத்தி. 1998இல் பெற்ற கிரீஷ் கார்னாடின் தாய்மொழி கொங்கணி. 1983இல் பெற்ற மாஸ்தி வெங்கடேச அய்யங்காரின் வீட்டுமொழி தமிழ். எட்டில் மூன்று!

மாஸ்தியைப் பற்றிக் கன்னடர்கள் எதுகையோடு ஒன்று சொல்வார்கள்: ‘மாஸ்தி, கன்னடத ஆஸ்தி.’ கன்னடத்தின் சொத்து என்று பொருள். தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, மைசூர் சமஸ்தானத்தில் அதிகாரியாக இருந்து, பெங்களூரு கவிபுரத்தில் வாழ்ந்து, கன்னடச் சிறுகதைக்குத் தகப்பனாரான ஒருவரைத் தன் ஆஸ்தி என்று கொண்டாடிய மொழி இது. கன்னட நாடகத்துக்குப் புது உயிர் கொடுத்த டி.பி. கைலாசமும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான். இவர்களை எல்லாம் வெளியே நிறுத்தியிருந்தால் நவீனக் கன்னட இலக்கியத்தில் மிச்சம் எவ்வளவு?

பானு முஷ்தாக்கும் வேறு வீட்டுமொழியிலிருந்து இந்த வரிசையில் வருபவர். எட்டு வயதில் சிவமொக்காவில் கன்னடவழிப் பள்ளியில் சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் கன்னடம் எழுதப் படிக்க வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். சில நாள்களிலேயே எழுதத் தொடங்கிவிட்டார். மொழியைப் புவனேஸ்வரி தாயாக்கி, கொடியை மஞ்சளும் குங்குமமும் ஆக்கிவிட்டால் தன்னைப் போன்றவர்கள் எங்கே நிற்பது என்று 2023இல் ஒரு மேடையில் கேட்டார். மனம் புண்பட்டதாகச் சொல்பவர்கள் அந்தப் பேச்சைத்தான் காட்டுகிறார்கள். புண்பட்டது அவர்கள் அல்லர். உள்ளே இருக்கும் மகள் ‘எனக்கு எங்கே இடம்?’ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவர்கள் வழக்குப் போடுகிறார்கள். இவர்களோடு விவாதிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால், இவர்கள் மட்டும் தனியாக மொழிச் சண்டையின் நெருப்பை மூட்டிவிட முடியாது. ஊதிவிடத் திரை வேண்டும். 1994 அக்டோபரில் பெங்களூரு தூர்தர்ஷன் மாலையில் உருது செய்தி ஒளிபரப்பத் தொடங்கியது. பத்தே நிமிடம். கர்நாடகத்தில் பத்தில் ஒருவருக்கு மேல் தாய்மொழி உருது. அந்தப் பத்து நிமிடத்துக்காக மூண்ட கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. செய்தி நின்றது, போன உயிர் போனதுதான்.

2025இலும் அதே கதை. மே 20 அன்று லண்டனில் பானு முஷ்தாக்கின் கதைகளுக்குச் சர்வதேச புக்கர் பரிசு. கன்னடத்துக்கு அதுதான் முதல் முறை. நான்கே நாளில் சென்னையில் ஒரு விழாவில், தமிழிலிருந்து கன்னடம் பிறந்தது என்று கமல்ஹாசன் சொன்னார். சொன்னது தவறு. இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதுதான் மொழியியல். ஆனால் தவறான கருத்துக்குத் தண்டனை திரைப்படத் தடையா? அவருடைய ‘தக் லைஃப்’ ஜூன் 5 அன்று கர்நாடகத்தில் வெளியாகவில்லை. சட்டத்தின் ஆட்சியை உச்ச நீதிமன்றம்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

அந்த வாரம் அல்சூரில் நான் வழக்கமாகப் போகும் தர்ஷினி சிற்றுண்டிக் கடையில், கல்லாவுக்கு மேலே இருந்த டி.வி.யில் கமலின் அந்த ஒரு வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. பை டூ காபிக்குச் சில்லறை நீட்டினேன். இருபது வருடமாக என்னோடு தமிழிலேயே பேசும் கல்லாக்காரர், டி.வி.யை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இவத்து கன்னடதல்லி மாத்தாடி, சார்.” இன்றைக்குக் கன்னடத்திலேயே பேசுங்கள். நான் பேசினேன். கன்னடம் பேசுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே பிழைக்கும் தமிழர் ஒவ்வொருவரும் அதைக் கற்றே ஆக வேண்டும் என்பவன் நான். அவர் குரல் தாழ்ந்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது. இந்த ஊரின் இந்த இரண்டு மொழிச் சண்டைகளையும் தெருவில் இருப்பவர்கள் தொடங்கவில்லை என்பது என் முடிவு. இரண்டு முறையும் தீப்பொறி திரையிலிருந்துதான் விழுந்திருக்கிறது.

அதே திரை காட்ட வேண்டியது இரண்டு கற்கள். பேகூர்க் கோயிலில் சுமார் 900ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட வீரக்கல், ‘பெங்களூருப் போர்’ பற்றிச் சொல்கிறது. சில மைல் தள்ளி, மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு, நிலக்கொடையைச் சொல்லும்போது இந்த ஊரின் பெயரையும் சொல்கிறது. ஓசூர் சாலையின் பேருந்து இரைச்சலைத் தாண்டி உள்ளே போனால், அந்தத் தமிழ் எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கலாம். கன்னடம் பேசும் பக்தர்கள் அதைக் கடந்துதான் தினமும் சாமி கும்பிடப் போகிறார்கள். பெங்களூருப் பள்ளிப் பிள்ளைகள் இந்த இரண்டு கற்களையும் ஒரே நாளில் பார்த்து வளர்ந்திருந்தால், 2016 செப்டம்பரில் காவிரியின் பெயரால் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்திருக்காது.

 அடுத்த ராஜ்யோத்சவத்துக்கும் பதாகைகள் அச்சுக்குப் போகும். எட்டு முகங்களுக்குப் பக்கத்தில் ஒன்பதாவதாக பானு முஷ்தாக்கின் முகத்தையும் அரசு அச்சிடட்டும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவர்கள் வீட்டில் பேசிய மொழியையும் சேர்த்து.