சான்றிதழ் தண்ணீர் இறைக்காது!

தில்லி பழைய ராஜேந்திர நகரில் 2024 ஜூலை 27-ஆம் தேதி மாலை, குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் அடித்தளத்தில் மழை வெள்ளம் புகுந்து மூன்று பேர் உயிரிழந்தனர். பொருள்கள் வைக்கும் கிடங்கு என்று ஆவணத்தில் காட்டப்பட்டிருந்த இடம், நூலகமாக இயங்கி வந்தது. இத்தனைக்கும் தீயணைப்புத் துறையின் சான்றிதழை அந்தக் கட்டடம் அதே மாதத்தில்தான் பெற்றிருந்தது. பின்னர் உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐ-க்கு மாற்றியது. மாநகராட்சியும் விழித்துக்கொண்டு அடித்தளங்களுக்கு சீல் வைத்தது.

தெரு வெள்ளம் ஒரேயடியாகப் பாயும்போது எந்த மோட்டாராலும் அதை இறைத்துவிட முடியாது என்பது உண்மையே. ஆனால், ஆய்வு என்பது காகிதத்தைப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது என்பதை அந்தத் துயரம் அம்பலப்படுத்தியது. இந்தக் காகித ஆய்வினால் அதிகம் பாதிக்கப்படுவது, யார் கண்ணிலும் படாத ஓர் இடம்: கட்டடங்களின் பம்ப் அறை.

தில்லியிலும் அதையொட்டிய நொய்டா, குர்காவ்ம் பகுதிகளிலும் எழுந்து நிற்கும் அடுக்குமாடிகள் அனைத்தின் உயிரும் இந்த அறையில்தான் இருக்கிறது. தீயணைப்புக் குழாய்களில் எப்போதும் அழுத்தம் குறையாமல் வைத்திருக்க ஜாக்கி எனப்படும் சிறிய பம்ப். மேல்தளத்தில் யாரேனும் குழாயைத் திறந்து அழுத்தம் சரிந்தால் தானாக ஓடத் தொடங்கும் பெரிய மின்சார பம்ப். மின்சாரம் போனால் பேட்டரியின் உதவியால் கிளம்பும் டீசல் பம்ப். ஏட்டளவில் இது குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

நடைமுறை வேறு. குழாயில் எங்கோ ஒரு கசிவு. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை ஜாக்கி பம்ப் ஓடுகிறது. மின் கட்டணம் ஏறுகிறது, இரைச்சல் வேறு. கசிவை அடைப்பதற்குப் பதிலாக யாரோ ஒருவர் சுவிட்சைத் தானியங்கி நிலையிலிருந்து கையால் இயக்கும் நிலைக்கு மாற்றிவிடுகிறார், "தற்காலிகமாக'. அதோடு அந்த அமைப்பு செத்துவிட்டது என்பது தீப்பிடிக்கும் நாள் வரை யாருக்கும் தெரியாது. டீசல் பம்ப்பின் பேட்டரி சார்ஜ் இறங்கிக் கிடக்கும். பழுது பார்க்க மூடிய வால்வு மூடியபடியே இருக்கும். இவற்றையெல்லாம்விடக் கொடுமை ஒன்று உண்டு. தீப்பிடித்தவுடன் செய்யும் முதல் வேலை கட்டடத்தின் மின் இணைப்பைத் துண்டிப்பது. தீயணைப்பு பம்ப்புக்குத் தனி இணைப்பு தராமல் அதே இணைப்பில் சேர்த்திருந்தால், தேவைப்படும் அந்த நொடியிலேயே பம்ப்பும் நின்றுபோகும்.

அரசு தொடர்புடைய இடங்களும் விதிவிலக்கல்ல. 2016 ஏப்ரல் 26-ஆம் தேதி அதிகாலை, தில்லி மண்டி ஹவுஸ் பகுதியில் இயங்கிவந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீயில் அழிந்தது. சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் 1978 முதல் செயல்பட்ட நிறுவனம் அது. கட்டடத்திலிருந்த தீயணைப்பு அமைப்பு இயங்கவில்லை என்று தீயை அணைக்க வந்தவர்களே கூறினர். மறுநாள் சாம்பலான சேகரிப்புகளைத் திருப்பித் தரும் வழி எந்த உத்தரவிலும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2010-ஆம் ஆண்டின் தில்லி தீயணைப்புப் பணி விதிகளின்படி குடியிருப்புகளுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும், ஹோட்டல் உள்ளிட்ட மற்ற கட்டடங்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லும். வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டிய இயந்திரத்துக்கு ஐந்தாண்டுச் சான்றிதழ்! மகாராஷ்டிரத்தின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிடக் கடுமையானது. உரிமம் பெற்ற நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியிலும் ஜூலையிலும் தீயணைப்பு அமைப்பு சரியாக இருப்பதாகச் சான்று தர வேண்டும். அப்படியிருந்தும், 2021 அக்டோபரில் மும்பை கரி ரோடு பகுதியின் 60 மாடி அவிக்னா பார்க் குடியிருப்பில் தீப்பிடித்து ஒருவர் 19-ஆவது மாடியிலிருந்து விழுந்து இறந்தபோது, கட்டடத்தின் தீயணைப்பு அமைப்பு இயங்கவில்லை என்று மாநகரத் தீயணைப்புத் துறை அறிவித்தது. ஆக, கால இடைவெளியைக் குறைத்தால் மட்டும் போதாது. சான்று தருபவருக்குக் கூலி கொடுப்பவரே கட்டட உரிமையாளர் எனும்போது, குறை சொல்லும் சான்றை அவரிடம் எதிர்பார்ப்பது எப்படி?

அரசியல் சாசனத்தின் 12-ஆவது அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் பணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மத்திய அரசின் தேசிய கட்டட விதித் தொகுப்பு வெறும் வழிகாட்டியே; மாநிலங்கள் சட்டமாக ஏற்றால்தான் அதற்கு வலிமை. விபத்து நடந்ததும் தில்லி அரசு மத்திய அரசையும், மத்திய அரசு மாநகராட்சியையும் கை காட்டுவதற்கு இந்தப் பிரிவினை மிகவும் வசதியாக இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரும் செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. ஆய்வுக்கு வரும் அதிகாரி, முன்கூட்டித் தகவல் தராமல் வர வேண்டும். கட்டடத்தின் பிரதான மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு, மேல்மாடிக் குழாயைத் திறக்க வேண்டும். தண்ணீர் பீறிட்டு வந்தால் சான்றிதழ்; வராவிட்டால் இல்லை. அடித்தளத்து வடிகால் மோட்டாருக்கும் இதே சோதனைதான்: குழியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தால் மிதவை சுவிட்ச் வேலை செய்கிறதா என்பது சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். வாராந்திர சோதனைப் பதிவேடு பம்ப் அறைக்குள் பூட்டிக் கிடக்காமல், மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தும் குடியிருப்போர் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். இரவு நேரத்தில் பொறுப்பில் இருப்பவர் ஒப்பந்தக் காவலாளி மட்டுமே. மாடி மாடியாக மக்கள் தூங்கிக்கொண்டிருக்க, டீசல் பம்ப்பைக் கையால் இயக்கத் தெரியாத ஒருவரிடம் சாவியை ஒப்படைத்திருக்கிறோம். அவருக்கு அதைக் கற்றுத்தர ஒரு மணி நேரம் போதும்.

தலைநகரில் பருவமழை வழக்கமாக ஜூன் கடைசி வாரத்தில் தொடங்குகிறது. 2024-இல் ஜூன் 28 அன்று ஒரே நாளில் சஃப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தில்லி அரசும் மாநகராட்சியும் ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதிக்குள் மருத்துவமனைகள், பயிற்சி மையங்கள், அடுக்குமாடிகள் ஆகியவற்றின் பம்ப் அறைகளில் இந்தச் சோதனையை நடத்தி, எங்கே ஓடியது, எங்கே ஓடவில்லை என்ற பட்டியலைக் கட்டடத்தின் பெயரோடு வெளியிட வேண்டும்.