முதல் மூன்று நாட்கள்



பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டால் வீடே பெருநாளாகிவிடுகிறது. பேராதனைக்கோ ஒலுவிலுக்கோ பெட்டி கட்டும்போது ஊறுகாய்ப் போத்தல் முதல் தொழுகை விரிப்பு வரை எல்லாம் வைத்து அனுப்புகிறோம். அதோடு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்: “மகள், அங்கே எவனாவது உன்னைப் பலவந்தப்படுத்தினால், அவன் யாராக இருந்தாலும் சரி, உடனே எனக்குச் சொல். நான் ஏச மாட்டேன்.”

கேட்கவே நெஞ்சு பதறுகிறதா? பதறட்டும். ஏச்சுக்குப் பயந்து பிள்ளை மூடிவைக்கும் முதல் மூன்று நாட்களில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

கருத்தரிப்பதைத் தடுக்கும் அவசர மாத்திரையை 72 மணித்தியாலங்களுக்குள், எவ்வளவு முந்த முடியுமோ அவ்வளவு முந்திக் குடிக்க வேண்டும். இது கருவைக் கலைக்கும் மருந்தல்ல. கரு உருவாகாமல் தடுப்பது. தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி வேறெதற்கும் நம் நாட்டுச் சட்டம் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை, பலாத்காரத்தால் உண்டான கருவானாலும்தான். அப்படியானால் அந்த மூன்று நாட்களின் பெறுமதியை நீங்களே யோசித்துப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தையும் 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி, 28 நாட்கள் குடிக்க வேண்டும்.

விடயத்தைக் கேட்டதும் ஓர் உம்மாவின் வாயில் முதலில் வருவது “போய்க் குளி” என்பதாகத்தான் இருக்கும். ஆனால் குளிப்பதும் உடுப்பைத் துவைப்பதும் சாட்சியத்தையே கழுவிவிடும். உடுத்திருந்த உடுப்பை அப்படியே ஒரு கடதாசிப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பொலித்தீன் வேண்டாம், ஈரம் பிடித்துப் பழுதாகிவிடும். பரிசோதனை முடிந்த பிறகு குளிக்கலாம். ஏற்கெனவே குளித்துவிட்டாளா? அப்போதும் போகத்தான் வேண்டும்.

எங்கே போவது? நேராக அரசாங்க வைத்தியசாலைக்கே போகலாம். பொலிஸில் முறைப்பாடு செய்தால்தான் மருந்து தருவார்கள் என்றில்லை. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குரிய படிவத்தைப் பொலிஸார் தருவார்கள். பெரிய வைத்தியசாலைகளின் உள்ளேயே பொலிஸ் காவலரண் இருக்கிறது. பிள்ளையின் சம்மதமில்லாமல் பரிசோதிக்க முடியாது. பெண்ணொருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். பல வைத்தியசாலைகளில் ‘மிதுரு பியச’ என்ற நிலையமும் உண்டு, தமிழில் ‘நட்பு நிலையம்’ என்பார்கள். இப்படியான பெண்களுக்கென்றே அது இயங்குகிறது. தொலைபேசியில் மகளிர் உதவிக்கு 1938, மனம் தாங்காதபோது 1926.

“ஏன் கத்தவில்லை? உடம்பில் ஒரு காயமும் இல்லையே?” என்று சாச்சிமாரும் மாமிமாரும் கேட்பார்கள். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை அப்படிக் கேட்கவில்லை. சம்மதமில்லை என்பதை நிரூபிக்க உடம்பில் காயம் இருந்தாக வேண்டியதில்லை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. பாதிக்கப்பட்டவளின் பெயரைப் பத்திரிகையில் போடுவதும் குற்றம். மார்க்கத்திலும் பலவந்தப்படுத்தப்பட்டவள் மீது பாவமில்லை. உலமாக்கள் இதில் இரண்டு பேச்சுப் பேசுவதில்லை.

பிறகு வருவது பஞ்சாயத்து. “நிருவாகத்தில் சொல்லிப் பேசி முடிப்போம், அவனுக்கே கட்டிக்கொடுப்போம்” என்பார்கள். ஏழு வருடத்துக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தைப் பள்ளிவாசல் வராந்தாவில் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. தன்னை நாசமாக்கியவனுக்கே சோறு ஆக்கிப்போடச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ!

‘ராகிங்’ என்ற பெயரில் நடந்திருந்தால் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டமும் இருக்கிறது. பகிடிவதையோடு பாலியல் தொல்லையும் கொடுத்தவனுக்குப் பத்து வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அவன் விரிவுரைக்குப் போக, இவள் அறைக்குள் அடைந்து கிடப்பது எந்த ஊர் நியாயம்? தவறிய பரீட்சைக்காகப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் மருத்துவச் சான்றிதழ் கொடுக்கலாம். விடுதி அறையை மாற்றித் தரும்படி மாணவ ஆலோசகரிடமும் விடுதிப் பொறுப்பாளரிடமும் கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவள் திரும்பிப் போகும் நாளில் வாப்பாவோ நீங்களோ கூடப் போய், அந்தக் கடிதத்தை உங்கள் கையாலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.