கிளவுடில் இருந்தால் போதுமா?

‘கணக்கெல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது; தனியாக பேக்கப் எதற்கு, வீண் செலவு’ என்கிறார் நண்பர். கிளவுட் என்பதும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில் ஓடும் சர்வர்தானே! 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. பேக்கப்புக்கென்று தனியே பணம் கட்டிய சிலரின் நகலும் அங்கேயே இருந்து, சேர்ந்தே சாம்பலானது.

தீயை விடுங்கள். ரான்சம்வேர் புகுந்து டேலி கோப்பைப் பூட்டினால், சிங்க் மென்பொருள் பூட்டிய கோப்பையே கடமை தவறாமல் மேலே ஏற்றிவிடும். 2017இல் நாட்பெட்யா என்ற தீம்பொருள் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, யார் உள்ளே நுழையலாம் என்று தீர்மானிக்கும் அதன் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்களில் தப்பியது ஒன்றே ஒன்று. கானாவில், கரன்ட் போனதால் அணைந்து கிடந்தது அது! நண்பர் நம்பியிருப்பதும் அந்த ரக அதிர்ஷ்டத்தைத்தான்.

ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, கழற்றி, வேறு ஊரில் வைக்கட்டும். அவ்வப்போது அதிலிருந்து கணக்கைத் திறந்தும் பார்க்கட்டும். செலவு வீணா என்று பிறகு பேசலாம்.